வெறும் வயிற்றோடு வரவும்

அந்தப் பெட்டியைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்த்தி வையுங்கள், உள்ளே விசிறி ஏற்கெனவே ஆட்டம் கண்டிருக்கிறது. இப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் நின்றேன். சொல்லவில்லை. நேற்றுக் காலை பத்தரை மணிக்கு உங்கள் ஆட்கள் என் கணினியை வெள்ளைத் துணியில் சுற்றி, சணல் கட்டி, முடிச்சுகளின் மேல் அரக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது வருடம் பழகிய பெட்டி. ஒரு பொருளை அதன் பழக்கம் தெரியாதவர்கள் தூக்கும்போது வாய் தானாகத் திறக்கப் பார்க்கிறது. நான் மூடிக்கொண்டேன்.

உங்கள் மேல் எனக்குக் குறை இல்லை, கமருன்னிஸா மேடம். மாவட்டத்திலிருந்து அதிகாரி வருகிறார் என்றால் ஜீப்பும் சத்தமுமாக வருவார்கள் என்று நினைத்திருந்தேன். நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தீர்கள். காத்திருந்த ஆறு பெண்களுக்கும் தண்ணீர் கொடுக்கச் சொல்லி, அவர்களை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி ஏற்பாடு செய்தபிறகுதான் அந்தக் கடிதத்தை என்னிடம் நீட்டினீர்கள். கருவின் பாலினத்தைக் கண்டுசொல்வதைத் தடுக்கும் சட்டத்தின்படி என் ஸ்கேன் மையத்துக்குள் நுழையலாம், தேடலாம், படிவங்களையும் பதிவேட்டையும் ஸ்கேன் இயந்திரத்தையும் கணினியையும் கைப்பற்றி முத்திரை வைக்கலாம் என்று அதில் இருந்தது. நான் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சட்டத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும்.

சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும் என்று பக்கத்து ஜெராக்ஸ் கடை வைத்தியலிங்கத்தையும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரையும் கூட்டி வந்தீர்கள். கைப்பற்றிய பொருட்களின் பட்டியல் இரண்டு பிரதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து.

"ரெண்டு தடவ எழுதி ரெண்டு தடவ கையெழுத்தா? என்கிட்ட குடுத்திருந்தா நானே நகல் போட்டுக் குடுத்திருப்பேன்ல" என்றார் வைத்தியலிங்கம்.

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. பட்டியலில் 'கம்ப்யூட்டர் ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பின்பக்கத்தில் வரிசை எண் இருக்கிறது, அதை எழுதாவிட்டால் நீதிமன்றத்தில் உங்கள் பட்டியல் நிற்காது என்று நான்தான் சொன்னேன். நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தீர்கள். பிறகு காவல்துறையிலிருந்து வந்திருந்த பெண், கணினியின் வட்டைத் தன் கருவியோடு இணைத்து நகல் எடுத்து, நீளமான ஓர் எண்ணை எடுத்துப் பட்டியலில் எழுதினார். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் இந்த எண் மாறிவிடும், பின்னால் யாரும் எதையும் திருத்திவிட்டதாகச் சொல்ல முடியாது என்றார். எனக்கு அந்த எண்ணைப் பிடித்திருந்தது. நான் வளர்ந்த வீட்டில் அப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

இன்று இந்த அறையில் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று யாருக்காவது சொல்லியிருக்கிறீர்களா என்பது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு படிவம் நிரப்புகிறோம். தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று அந்தப் பெண் கையெழுத்துப் போடுவாள். நான் கண்டுசொல்லவில்லை என்று கீழே நான் போடுவேன். அந்தக் கையெழுத்துகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை. யாருக்கும் அவர்கள் குழந்தை ஆணா பெண்ணா என்று நான் சொன்னதே கிடையாது. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

எழில்மொழி என்று எனக்குப் பெயர் வைத்தவர் என் அப்பா. தமிழாசிரியர். பெண்ணுரிமை பற்றி மேடையில் ஒரு மணி நேரம் குறிப்பில்லாமல் பேசுவார். எனக்கு மூத்தவர்கள் இரண்டு அக்காக்கள். மூவருக்கும் அழகான பெயர்கள். எனக்குப் பிறகு தம்பி இளவழகன். எனக்கும் அவனுக்கும் எட்டு வருடம் இடைவெளி. அந்த எட்டு வருடத்தில் அம்மா இரண்டு முறை அப்பாவோடு மெட்ராஸுக்குப் போய்வந்தாள். திரும்பி வந்து ஒரு வாரம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். வீட்டில் அதற்குக் காய்ச்சல் என்று பெயர். நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு நாள் வாழைப்பூவை ஆய்ந்துகொண்டே சொன்னாள்:

"நீ பொழச்சதே அந்த மெஷினு அப்ப வராததுனாலதான்டி."

வருத்தமாகச் சொல்லவில்லை. ரேஷன் அட்டையில் என் பெயர் எப்படிச் சேர்ந்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டு, பூவுக்குள் இருக்கும் கள்ளனை எடுக்க மறந்துவிடாதே என்று என்னிடம் இன்னொரு மடலைத் தள்ளினாள். நானும் எடுத்தேன். எனக்குக் கோபமே வராது என்று கல்லூரியில் சொல்வார்கள். வந்த கோபம் போகவில்லை என்பதுதான் சரி.

அந்த மெஷினைத்தான் படித்தேன். ஒரத்தநாட்டில் மையம் திறந்து பதினொரு வருடம் ஆகிறது. முதல் மூன்று வருடம் நான் சட்டத்தைப் பிசகாமல் நடந்தேன். கேட்டவர்களுக்குச் சுவரில் இருந்த 'இங்கே பாலினம் சொல்லப்படாது' பலகையைக் காட்டுவேன். போய்விடுவார்கள். இரண்டு மாதம் கழித்து அதே பெண் வேறு வலிக்கு வருவாள். "அது தங்கல டாக்டரம்மா" என்பாள். அப்போது ஸ்கேன் மெஷினைக் காரில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றும் ஒருவன் இருந்தான். நான் பலகையைக் காட்டி அனுப்பிய பெண்கள் எல்லோரும் அவனிடம் போனார்கள். அவன் உண்மையைச் சொன்னான். நான் சட்டத்தைக் காப்பாற்றினேன். பெண் குழந்தை ஒன்றையும் காப்பாற்றவில்லை. எழுத்து மூலம் அவனைப் பற்றி மூன்று முறை புகார் கொடுத்தேன். உங்களுக்கு முன்னால் இருந்தவர்களிடம். பதிவேட்டில் இருந்தால் பாருங்கள்.

எட்டு வருடம் முன்பு, குறுவை நடவு சமயம், ஒரு பெண் வந்தாள். நேராக வயலிலிருந்து வந்திருந்தாள். கால் நகங்களில் சேறு காயவில்லை. வயிற்றில் பெண். மாமியார் பக்கத்தில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையைக் காட்டக் கை எழுந்தது. அதற்குப் பதிலாக, "கவலப்படாதீங்க, நீங்க நெனச்சதுதான்" என்றேன். அவ்வளவுதான். அந்த வீட்டில் அந்த ஐந்து மாதமும் அவளுக்கு மாதுளம்பழம் வாங்கிக் கொடுத்தார்களாம். பெண் பிறந்ததும் மாமியார் என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனாள். நான் வரவேற்பில் இருந்த ஆயிஷாவிடம் வாசலைப் பெருக்கச் சொன்னேன். அந்தக் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறது.

பயமாக இல்லையா என்று கேட்டீர்கள். இல்லை. கேட்கவே கூடாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் எங்கே போய், யாரிடம், எனக்குத் தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று முறையிடுவார்கள்? இப்படி ஒரு வருடத்தில் பதினோரு பெண் குழந்தைகள் பிறந்தன. எல்லோருடைய பிறந்தநாளும் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ஒரு சிக்கல் வந்தது. வரவேற்பறையில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"இந்தம்மா மெஷினு எல்லாத்துக்கும் ஆம்பளதான் சொல்லுமாம்டி. எங்க நாத்தனாருக்கும் அப்படித்தான், பாத்தா பொண்ணு."

"அப்ப எந்திரி, கார்க்காரன்ட்டயே போயிடுவோம்."

எல்லோருக்கும் ஆண் என்று சொல்கிற ஸ்கேனை யாரும் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் என்னிடம் வர மாட்டார்கள். வராவிட்டால் ஒரு பெண் குழந்தையும் மிஞ்சாது. எனவே சிலருக்குப் பெண் என்று சொல்லியாக வேண்டியிருந்தது. யாருக்குச் சொல்வது? பெண்ணைச் சுமப்பவளிடம் சொல்ல முடியாது, இவ்வளவும் அவளுக்காகத்தான். மீதி இருந்தவர்கள் ஆணைச் சுமந்தவர்கள்.

அவர்களிடம் சொன்னேன்.

நம்பினார்கள். எட்டுப் பத்து நாளில் தங்கவில்லை என்று தகவல் வந்தது. தப்பாகச் சொன்னேன் என்று காட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. என் மெஷின் சில சமயம் பெண் என்றும் சொல்லும் என்று ஊருக்குத் தெரிந்தது. கார்க்காரன் ஒரு வருடத்தில் இந்தப் பக்கம் வருவதை நிறுத்தினான். நீங்கள் யாரும் செய்யாததை நான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அவன் நின்றது என்னால்தான்.

வாயால் சொல்வது ஆபத்து என்பதால் பிறகு ஒரு வழக்கம் வந்தது. அடுத்த ஸ்கேனுக்கு "சாப்பிட்டுட்டு வாங்க" என்று நான் சொன்னால் ஆண். "வெறும் வயித்தோட வாங்க" என்றால் பெண். சீட்டிலும் அப்படியே எழுதுவேன். ஆணைச் சுமந்த மற்றவர்கள் கேட்டால் முன்போலப் பலகையைக் காட்டுவதோடு சரி. வரவேற்பில் இருந்த ஆயிஷாவுக்கு எதுவும் தெரியாது; அவளை விட்டுவிடுங்கள். "மேடம், கர்ப்ப ஸ்கேனுக்கு வெறும் வயிறு வேணாமே, மறந்து மறந்து எழுதுறீங்க" என்று ஒரு முறை என்னையே திருத்தினாள். இதற்காக நான் யாரிடமும் ஸ்கேன் கட்டணத்துக்கு மேல் ஒரு காசு வாங்கியதில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எத்தனை பேரிடம் பெண் என்று பொய் சொல்ல வேண்டியிருந்தது என்று கேட்டீர்கள். வேண்டியிருந்தது என்றால், நாலைந்து மாதத்துக்கு ஒன்று போதும். இரண்டாவது வருடத்துக்குப் பிறகு அதுகூடத் தேவைப்படவில்லை. ஊர் நம்பிவிட்டது. தேவைப்படாதபோதும் சொன்னேன். இதை நீங்கள் கண்டுபிடிக்கும் முன் நானே சொல்லிவிடுவது நல்லது. கூட வருகிற மாமியாரைப் பார்ப்பேன். அவள் மருமகளை எப்படிப் படுக்கையில் ஏறச் சொல்கிறாள், ஜெல் குளிருகிறது என்று அந்தப் பெண் சிலிர்த்தால் இவள் எப்படி அதட்டுகிறாள், திரையைப் பார்த்து எப்படிக் கும்பிடுகிறாள் என்று பார்ப்பேன். திரையில் ஆண் தெரியும். அவள் எட்டு வேண்டுதல் வைத்துக் கேட்ட பேரன் அங்கே கால் மடக்கிப் படுத்திருப்பான். அவளுக்கு அது தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும். "வெறும் வயித்தோட வாங்க" என்பேன். தன் பேரனைத் தானே அழித்துவிட்டு அவள் அடுத்த மாதம் என்னிடமே நன்றி சொல்வாள். என் அம்மாவை மெட்ராஸுக்கு அழைத்துப்போன ரயிலில் என் அப்பாவின் அம்மாவும் இருந்தாள் என்று உங்களிடம் சொல்லவில்லை அல்லவா? அது இந்த வழக்குக்குச் சம்பந்தம் இல்லை.

இனி நீலாம்பாள்.

முதல் முறை மூன்று வருடம் முன்பு வந்தாள். மருமகள் சுடர்விழிக்கு ஏற்கெனவே இரண்டு பெண்கள். படுக்கையில் அவள் படுத்திருக்கும்போதே நீலாம்பாள் என்னிடம் சொன்னாள்:

"கோலம் போட ரெண்டு பெத்துட்டா. கொள்ளி வைக்க ஒன்னு பெக்கச் சொல்லுங்க டாக்டரம்மா."

"நா என்ன கடையிலயா வாங்கியாறேன்" என்றாள் சுடர்விழி, மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டு. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்தது.

ஆண். நான் வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். அடுத்த வருடம் மறுபடி வந்தார்கள். மறுபடி ஆண். மறுபடி சொன்னேன். கணவன் இளம்பரிதி ஒரு முறைகூட உள்ளே வந்ததில்லை. வாசலில் வண்டியில் உட்கார்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருப்பான்.

மூன்றாவது முறை, போன புரட்டாசியில், பதினெட்டாவது வாரம். தாமதமாக வந்ததற்குக் காரணம், சுடர்விழி நாள் தள்ளிப்போனதை மறைத்திருந்தது. மிகவும் இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுப்பு. நீலாம்பாள் கழிப்பறைக்குப் போன சமயம் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கையில் ஜெல் இருந்தது, வழுக்கியது, மறுபடி பிடித்தாள்.

"டாக்டரம்மா, இந்தத் தடவ ஆம்பளப் புள்ளன்னு சொல்லிடுங்க. பொய்யாவது சொல்லுங்க. இன்னொரு தடவ என் ஒடம்பு தாங்காது. பொறந்தப்புறம் என்ன ஆனாலும் நான் பாத்துக்கிறேன். உங்க பேர சொல்ல மாட்டேன்."

திரையில் ஆண். சந்தேகமே இல்லாமல் ஆண்.

நான் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை, மேடம். அந்த எட்டு வருடத்தில் ஒரே ஒரு நாள், உண்மையைச் சொன்னால் போதும் என்று ஒரு பெண் கேட்டாள். அவள் கேட்டது உண்மை என்று அவளுக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டு வாருங்கள். இரண்டு சொல்.

சொல்லியிருப்பேன். வாய் திறந்தேன். அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு நீலாம்பாள் வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்தபடி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"என்னங்க சொல்லுது மெஷினு? இந்தத் தடவையும் பொட்டையா இருந்தா இவள இவ ஆத்தா வீட்டுல எறக்கிட்டு எம்புள்ளைக்கு வேற பாக்க வேண்டியதுதான். ஊருல பொண்ணுக்கா பஞ்சம்."

பொண்ணுக்கா பஞ்சம் என்றாள். எனக்கு அப்போது சுடர்விழியின் கை என் மணிக்கட்டில் இருந்தது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அந்த நிமிடத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது நீலாம்பாளைத்தான். இவளுக்கா, என்று நினைத்தேன். இவள் கையிலா அந்தக் குழந்தையைக் கொடுப்பது.

"வெறும் வயித்தோட வாங்க" என்றேன்.

சுடர்விழி என் கையை விட்டாள். துணியை எடுத்து வயிற்றில் இருந்த ஜெல்லைத் தானே துடைத்துக்கொண்டாள். வழக்கமாக அதை நான் செய்வேன்.

ஐப்பசி முதல் வாரம், வீட்டிலேயே, யாரோ கொடுத்த மாத்திரையைப் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு வாரம் தாண்டியிருந்ததால், வந்தது என்ன என்று நீலாம்பாள் கண்ணால் பார்த்துவிட்டாள். உதிரம் நிற்கவில்லை. வேனில் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் சாலையில் குறுவை நெல் காயப்போட்டிருந்ததாம், வண்டி ஒதுங்கி ஒதுங்கிப் போனதாம். ஊர் வருவதற்குள் முடிந்துவிட்டது. இருபத்தெட்டு வயது. இரண்டு நாள் கழித்து எனக்குத் தெரிந்தது. அன்று ஒன்பது ஸ்கேன் இருந்தது. ஒன்றையும் தள்ளிவைக்கவில்லை.

பிறகுதான் இந்த ஊரில் யாரும் செய்யாத ஒன்றை நீலாம்பாள் செய்தாள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போய், வரிசையில் நின்று, மனுக் கொடுத்தாள். ஆணைப் பெண் என்று தப்பாகச் சொன்ன டாக்டர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று. தன் குற்றத்தைத் தானே எழுதவைத்துக் கைநாட்டு வைத்துக் கொடுத்திருக்கிறாள். நேற்று நீங்கள்தான் சொன்னீர்கள், சொல்லும்போது உங்களுக்கே தாங்கவில்லை:

"மனு வாங்குன க்ளார்க் ரெண்டு தடவ படிச்சிருக்காரு. 'பெரியம்மா, இத நெசமாவே குடுக்கப் போறீங்களா'ன்னு கேட்டாராம். 'ஏன், எழுதிக் குடுத்தவன் எதாச்சும் வுட்டுட்டானா தம்பி'ன்னு கேட்டிருக்காங்க."

மனுவை எனக்குக் காட்டினீர்கள். இரண்டு பக்கம். என் பேரன், என் வம்சம், என் குலக்கொழுந்து. மூன்று பேரன்கள் என்று எண்ணிக்கையும் போட்டிருந்தாள். அந்த முதல் இரண்டையும் யோசித்துக் கண்டுபிடித்திருக்கிறாள், கெட்டிக்காரி. 'மேற்படி மருமகளும் இறந்துவிட்டார்' என்று கடைசியில் ஒரு வரி. சுடர்விழி என்ற பெயர் எங்கேயும் இல்லை. படித்துவிட்டு, அவள் பெயர் எங்கே என்று உங்களிடம் சத்தமாகக் கேட்டேன். பயத்தில் கத்துகிறேன் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். இல்லை. ஒரு பெண் செத்திருக்கிறாள், அவள் பெயரை எழுத ஒரு வரி இல்லாமல் போய்விட்டதா என்ற கோபம்.

இப்போது, நாற்றங்கால்.

என் கணினியில் அந்தப் பெயரில் பூட்டிய கோப்புறை ஒன்று இருக்கிறது, திறக்க முடியவில்லை, உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களும் தேதிகளும் மட்டும் தெரிகின்றன என்று சற்று முன் சொன்னீர்கள். ஆமாம். பெண் என்று நான் பொய் சொன்ன ஒவ்வொருவரின் ஸ்கேன் படமும் அதில் இருக்கிறது. படத்தின் மூலையில் பதிவு எண்ணும், பேச்சில் கேட்டு நான் குறித்துக்கொண்ட ஊரும் தெருவும் இருக்கும். ஏன் அழிக்காமல் வைத்திருந்தீர்கள் என்று கேட்டீர்கள். யாராவது ஒருவர் சரியாக எழுதி வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். இரவல் வாங்கிய பதில் மாதிரி இருக்கிறது, தெரியும். சில ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அதைத் திறந்து பார்ப்பேன். பெயர்களைப் படிப்பேன். மனம் அமைதியாகும்.

நீங்கள் அந்தப் பட்டியலை எனக்கு எதிரே வைத்தீர்கள்.

"நாப்பத்தேழு பேரு. நீலாம்பாள் ஒன்னு, நீலாம்பாள் ரெண்டு, நீலாம்பாள் மூனு. நாங்க படிவத்தோட ஒப்பிட்டுப் பாத்துட்டோம், இதுல ஒரு பேருகூட ஸ்கேனுக்கு வந்த பொண்ணுங்க பேரு இல்ல. யாரு டாக்டர் இவங்கல்லாம்?"

"மாமியார்கள்" என்றேன்.

படிவத்தில் கணவன் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் இடம் உண்டு. மாமியார் பெயருக்கு இடம் இல்லை. அதனால் உங்களால் பொருத்திப் பார்க்க முடியவில்லை. நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வைத்தீர்கள். உங்கள் குரல் மாறவே இல்லை.

"சுடர்விழி பேரு மனுவுல இல்லன்னு நேத்து அவ்வளவு வருத்தப்பட்டீங்க. இங்கயும் இல்லையே. வாசல்ல வண்டியில ஒக்காந்திருந்தானே, அவன் பேரும் இல்ல. நாப்பத்தேழுல ஒரு ஆம்பள பேருகூட இல்ல."

 வாக்குமூலத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட முடியுமானால் விடுங்கள்.

கடைசிக் கோப்பு ராசம்மாள். எட்டு நாள் முன்பு. நீங்கள் விரலை அதன் மேல் வைத்தீர்கள்.

"இந்தப் பொண்ணு யாரு? அந்த வாரம் வந்த முப்பத்தொம்பது பேரு வீட்டுக்கும் ஆள் அனுப்பிட்டேன். பதினோரு விலாசம் பொய். நாலு போன் ஆஃப். எப்ப செய்யப் போறாங்கன்னு எதாவது சொன்னாங்களா?"

"வெள்ளிக்கிழமைன்னு ராசம்மாள் சொன்னதா ஞாபகம்" என்றேன்.

"நாளைக்கு."

"ஆமாம். நாளைக்கு."

அந்தப் பெண்ணுக்கு இது நாலாவது. ரத்தம் குறைவு. கால் வீக்கம் இருந்தது. இதெல்லாம் நினைவிருக்கிறது, பெயர் நினைவில்லை. கவனிக்கவில்லை. ராசம்மாள் பேசிக்கொண்டே இருந்தாள். மெஷின் அறையில் செருப்போடு நின்றாள். திரும்பிப் பார்க்காமல் மருமகளின் கையில் தன் பையைத் திணித்தாள்.

நீங்கள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினீர்கள்.

"கடவுச்சொல்ல மட்டும் எழுதுங்க. சென்னை லேபுக்கு அனுப்புனா மூனு வாரம் ஆகும். எங்களுக்கு வழக்கு எங்கயும் ஓடாது, டாக்டர். அந்தப் பொண்ணுக்காகக் கேக்குறேன்."

உங்கள் கண் கலங்கியிருந்தது. நான் அதை மதிக்கிறேன். சட்டம் உங்களுக்கு என் பெட்டியைக் கொடுத்தது, என் இயந்திரத்தை, என் படிவங்களை, என் மேசை டிராயரில் இருந்த சில்லறைச் சீட்டுகளைக்கூடக் கொடுத்தது. என் தலைக்குள் இருக்கும் ஒன்பது எழுத்தைக் கைப்பற்றுவதற்கு அதில் பிரிவு இல்லை. அது உங்களுக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறீர்கள்.

எழுதினால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். இன்று மாலைக்குள் உங்கள் ஜீப் அந்த வீட்டு வாசலில் நிற்கும். அந்தப் பெண் பிழைப்பாள். சரி. ஆனால் வயிற்றில் இருப்பது ஆண் என்று ராசம்மாளுக்குத் தெரிந்துவிடும். தைப் பொங்கலுக்குள் தெரு முழுக்கச் சர்க்கரை கொடுப்பாள். சித்திரையில் பேரனைத் தொடையில் போட்டுக் கொஞ்சுவாள். அந்தப் பையை மறுபடி அந்தப் பெண்ணின் கையில் திணிப்பாள். அதை நான் என் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள்.

பேனாவை மூடினேன். தாளின் மேல் வைத்து, உங்கள் பக்கமாக மெதுவாகத் தள்ளினேன்.

"மன்னிச்சுக்குங்க மேடம். முடியாது."

மற்றது எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன், இரண்டு பிரதியிலும், ஒவ்வொரு பக்கத்திலும். ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் இதையெல்லாம் பெண்களுக்காகத்தான் செய்தேன்.